சுண்ணாம்புப் பூச்சுக்குக் காசு வாங்கிக்கொண்டு சிமென்ட் பூசிவிட்டுப் போனார்: பழைய வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

நூறு வருஷம் தாண்டிய கிராமத்து வீட்டைப் பழுதுபார்க்க கான்ட்ராக்டர் தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். "பாரம்பரிய வீடுகள் ஸ்பெஷலிஸ்ட்" என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருந்த ஒருவர் எங்களிடம் சுண்ணாம்புப் பூச்சுக்குப் பணம் வாங்கிக்கொண்டு சிமென்டைப் பூசினார். போதாக்குறைக்கு, வீட்டில் இருந்த நல்ல மரத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய வீடு. கனத்த சுவர், மர உத்திரம், ஓட்டுக் கூரை. தெருவில் மற்ற வீடுகளும் ஏறக்குறைய அதே வயசுதான். கீழ்ச்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதைச் சரிசெய்ய வேண்டும், ஆட்டம் கண்ட ஜன்னல்களைச் செப்பனிட வேண்டும். நாங்கள் கேட்டது இவ்வளவுதான்.

பார்க்க வந்த அன்றைக்கே வித்தை ஆரம்பித்துவிட்டது. பையிலிருந்து இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன மீட்டரை எடுத்து, சரியாக உப்புப் பூத்திருந்த இடத்தில் குத்தினார். கீச்கீச்சென்று கத்தியது, சிவப்பு விளக்கு எரிந்தது. "பாருங்க சார், சுவர் முழுக்கத் தண்ணி. அடியில ஓட்டை போட்டு கெமிக்கல் ஏத்தணும், இல்லன்னா வீடு தாங்காது" என்றார். அந்த மீட்டரின் சங்கதி எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அது இரண்டு ஊசிக்கும் நடுவே மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதை மட்டும்தான் அளக்கிறது. அதில் காட்டும் சதவீதம் மரத்துக்காகக் கணக்கிட்டது. சுவரில் உப்பு இருந்தால் ஈரம் குறைவாக இருந்தாலும் எண் எகிறும். மீட்டர் கத்துகிறது என்பதற்காக யாராவது உங்களிடம் கெமிக்கல் விற்க வந்தால், உப்பே இல்லாத உலர்ந்த சுவர் ஒன்றிலும் குத்திக் காட்டச் சொல்லுங்கள்.

கெமிக்கல் வேண்டாம், சுண்ணாம்புப் பூச்சு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டோம். "தாராளமா சார், நம்ம ஸ்பெஷாலிட்டியே அதுதான்" என்றார். கொட்டேஷனிலும் "லைம் பேஸ்டு பிளாஸ்டர்", அதாவது சுண்ணாம்பை அடிப்படையாகக் கொண்ட பூச்சு, என்றே எழுதினார். பின்னால் கேட்டபோது அந்த "பேஸ்டு"க்குள்தான் ஒளிந்துகொண்டார். சிமென்ட் கலவையில் ஒரு சட்டி சுண்ணாம்பைக் கொட்டினாலும் அது லைம் பேஸ்டுதானாம்.

எப்படித் தெரிந்தது என்றால், அவசரத்தால். காலையில் பூசிய சுவர் மறுநாள் நகத்தால் கீறினால் கோடு விழாத அளவுக்கு இறுகியிருந்தது. சுண்ணாம்பு அப்படி இறுகாது. சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரி சூட்டில் சுடும்போது அதிலிருந்து வெளியேறிய கரியமில வாயுவை, சுவரில் பூசியபிறகு காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கித்தான் அது கல்லாக மாறும். ஒரு மில்லிமீட்டர் ஆழம் இறுகவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஒரு கோட் பூசி, ஈரச் சாக்கு போட்டு, அது பதமாகும் வரை காத்திருந்துதான் அடுத்த கோட். இங்கே கொல்லையில் போய்ப் பார்த்தால் கிழிந்த சிமென்ட் மூட்டைகள் கிடந்தன. ஓரத்தில் ஒரு துண்டு பூச்சைப் பெயர்த்து வெயிலில் வைத்துப் பார்த்தோம்: உள்ளே முழுக்கச் சாம்பல் நிறம், மேலே மட்டும் சுண்ணாம்புத் தண்ணீர் அடித்த வெள்ளை.

இந்தப் பித்தலாட்டம் புதிதும் இல்லை. மூன்று வருஷமாவது ஊறாத சுண்ணாம்பைக் கட்டடக் குத்தகைக்காரர் பயன்படுத்தக் கூடாது என்று பழைய ரோமானியக் கட்டட விதிகளில் இருந்ததாக முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். விதி போடும் அளவுக்கு அன்றைக்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள்!

"சிமென்ட் இன்னும் ஸ்ட்ராங்தானே சார், உங்களுக்கு லாபம்தானே?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார். இந்தப் பேச்சில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். போர்ட்லண்ட் சிமென்டுக்கு, அதாவது இன்றைய சாதாரண சிமென்டின் முன்னோடிக்கு, காப்புரிமை வாங்கியதே 1824இல்தான். கிராமப்புறங்களுக்கு அது வந்து சேர்ந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. அதற்கு முன் கட்டிய சுவர்களில் ஈரத்தைத் தடுக்கும் பட்டை கிடையாது. மண்ணிலிருந்து கொஞ்சம் ஈரம் ஏறும், பூச்சு வழியாகக் காற்றில் ஆவியாகிப் போய்விடும். அந்தச் சுவர்களின் கணக்கே அதுதான். அதன்மேல் சிமென்டையும் வாட்டர்ப்ரூஃப் பெயின்டையும் ஏற்றினால், நனைந்த உடம்போடு ரெயின்கோட்டை மாட்டிக்கொண்ட மாதிரி. வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லின் முகத்தைப் பொடியாக்கும். ஒருநாள் பூச்சு பாளமாக விழும்போது செங்கல்லின் மேல்தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டுதான் விழும். சுவருக்குள் சொருகியிருக்கும் உத்திரத்தின் முனை இதைவிடப் பெரிய கவலை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றுவிட்டால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். வெளியே ஒன்றுமே தெரியாது.

எங்களுக்கு அடுத்த மழைக்காலமே காட்டிவிட்டது. முழங்கால் உயரத்தில் நின்றிருந்த ஓதம் இடுப்புக்கு மேலே வந்தது.

ஜன்னல் கதை தனி. பழைய கதவுகள் எல்லாம் "கரையான் அரிச்சது சார், விறகுக்குக்கூட ஆகாது" என்று சொல்லிக் கழற்றினார். நாங்கள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து இடிபாட்டு மண்ணோடு சேர்த்து ஏற்றி அனுப்பிவிட்டு அலுமினிய ஸ்லைடிங்கை மாட்டிவிட்டார். இரண்டு கதவுகளின் அடிச்சட்டம் மட்டும்தான் உளுத்திருந்தது. மீதி எல்லாம் வைரம் பாய்ந்த மரம். அந்த அடிச்சட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுக்கட்டை ஒட்டுப்போடத் தச்சருக்குத் தெரியும். அப்படிப்பட்ட மரம் இன்று காசு கொடுத்தாலும் லேசில் கிடைக்காது, அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. திருப்பிக் கேட்டதற்கு எங்களுடையதே இல்லாத நாலு சட்டத்தைக் கொண்டுவந்து போட்டார்.

வயதான ஒரு கொத்தனாரை அழைத்துவந்து காட்டினோம். மனிதர் மீட்டர் எதுவும் எடுக்கவில்லை. வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "உள்தரையைவிட வெளித்தரை மேடா இருக்கே தம்பி, அப்புறம் ஓதம் ஏறாம என்ன செய்யும்?" என்றார். தெருவை வருஷக்கணக்காக உயர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். அது போதாதென்று நம்ம ஸ்பெஷலிஸ்ட் சுவரை ஒட்டி கான்கிரீட் நடைபாதை வேறு போட்டிருந்தார். ஓட்டிலிருந்து வழியும் மழை அதில் விழுந்து சுவரில் தெறித்தது. கூரை ஓரத்தில் உடைந்த ஓடுகளை மாற்றுவது, தகரக் காடி வைத்துத் தண்ணீரைத் தள்ளி விடுவது, சுவரை ஒட்டிய கான்கிரீட்டை உடைத்து மண்ணைத் தாழ்த்திச் சரளை போடுவது. அவர் சொன்ன வைத்தியம் மொத்தமும் அவ்வளவுதான். முதலில் இதைச் செய்திருந்தால் பூச்சு வேலையே பாதியாகக் குறைந்திருக்கும்.

இப்போது சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவர் காயக் காத்திருக்கிறோம். கனத்த சுவர் காய ஒரு வருஷம்கூட ஆகலாம். கொத்தும்போது முகம் உடைந்த செங்கற்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருக்கிறது, அந்தச் செலவு தனி.

நீங்கள் ஆள் வைப்பதாக இருந்தால் ஒப்பந்தத்தில் "எந்த விகிதத்திலும் சிமென்ட் சேர்க்கக் கூடாது, கழற்றும் மரம், ஓடு, கதவு எல்லாம் வீட்டுக்காரருக்கே சொந்தம்" என்று எழுதி வாங்குங்கள். முன்பே முடித்த வீட்டின் முகவரி கேளுங்கள். போன மாசம் முடித்தது வேண்டாம், மூன்று நாலு மழை பார்த்த வீடாக இருக்கட்டும். ஒரு மூலையில் சின்னதாகப் பூசிக் காட்டச் சொல்லி, மறுநாள் நகத்தால் கீறிப் பாருங்கள். சாரம் கட்டிய உடனே பாதிக்கு மேல் பணம் கேட்பவரை அப்போதே அனுப்பிவிடலாம். பத்து வருஷ கேரண்டி என்று தாள் நீட்டினால் அதில் கையெழுத்துப் போடும் நிறுவனம் எப்போது ஆரம்பித்தது என்று பாருங்கள். எங்களுக்குத் தாள் கொடுத்த நிறுவனம் இப்போது வேறு பெயரில் நடக்கிறது.

பெயரைச் சொல்லுங்கள் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியும்வரை இங்கே போட முடியாது. சிமென்ட் மூட்டை, பெயர்த்த பூச்சு, லாரியில் மரம் ஏற்றியதைப் பக்கத்து வீட்டார் எடுத்த போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இதே மாதிரி மாட்டியவர்கள் உங்கள் கொட்டேஷனையும் ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.