சூரியனா, எரிமலையா, நாமா?

பூமி சூடாவதை இப்போது பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. யாரால் என்பதில்தான் சண்டை.

சூரியனைச் சீக்கிரம் விட்டுவிடலாம். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அதன் ஆற்றலை அளந்து வருகின்றன. 11 ஆண்டுக்கு ஒரு முறை சற்றே ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். சூரியன் காரணமென்றால் வளிமண்டலம் மேலேயும் சூடாக வேண்டும். ஆனால் தரையை ஒட்டிய காற்றுதான் சூடாகிறது. ஓசோன் இருக்கும் மேலடுக்கு குளிர்ந்து வருகிறது. கார்பன் டை ஆக்சைடு போன்ற, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு பெருகினால் இப்படித்தான் ஆகும்.

எரிமலைக்கு ஆதரவாளர்கள் அதிகம். பார்க்கவே மிரட்டலாக இருக்கிறதல்லவா! கணக்குப் பார்த்தால் சின்ன ஆள். நிலத்திலும் கடலடியிலும் உள்ளவை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு 100 கோடி டன்னைத் தொடாது. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு, சிமென்ட் வழியாக நாம் விடுவது ஏறக்குறைய 3,700 கோடி டன். 1991இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ வெடித்தபோது கந்தகத் துகள்கள் வெயிலை மறைத்து, பூமி சுமார் அரை டிகிரி குளிரவே செய்தது.

வேடிக்கை என்னவென்றால், 1958இல் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கிய இடமே ஹவாயின் மௌனா லோவா எரிமலைதான். மலைவாயிலிருந்து காற்று அடிக்கும் நேரத்து அளவுகள் தாறுமாறாக இருக்கும், அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். அன்று பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

சரி, கூடியது நம்முடையதுதான் என்று எப்படித் தெரியும்? கார்பன் அணுக்களில் வகைகள் உண்டு: லேசானது கார்பன் 12, கொஞ்சம் கனமானது கார்பன் 13. செடிகள் லேசானதையே கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அதனால் பழங்காலத் தாவரங்கள் புதைந்து உண்டான நிலக்கரியில், நம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி உட்பட, 13 குறைவு. காற்றிலும் அதன் பங்கு குறைந்துகொண்டே போகிறது. எரிமலை வாயுவில் 13 காற்றைவிடக் கூடுதல். அது காரணமாக இருந்தால் பங்கு ஏறியிருக்க வேண்டும்.

காடு எரிந்தாலும் 13 குறையுமே என்று கேட்கலாம். அதற்குப் பதில் கார்பன் 14 என்ற இன்னொரு வகை. இன்றைய மரங்களில் அது உண்டு. சுமார் 5,730 ஆண்டில் பாதியாகிவிடும் அது, கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய நிலக்கரியில் மிச்சமே இல்லை. காற்றில் கார்பன் 14 நீர்த்துப்போவதை 1950களிலேயே மர வளையங்களில் வேதியியலாளர் ஹான்ஸ் சூஸ் கண்டுவிட்டார்.

கீலிங்கின் மகன் ரால்ஃப் அளப்பது ஆக்சிஜனை. அதுவும் குறைகிறது (மூச்சு முட்டும் அளவுக்கு இல்லை, பயப்பட வேண்டாம்). எரிமலையிலிருந்து வருவது ஏற்கெனவே கார்பன் டை ஆக்சைடு, அதற்கு ஆக்சிஜன் வேண்டாம். எதையாவது எரித்தால் ஆக்சிஜன் செலவாகும்.