ஊட்டிக் குளிருக்கு 200 லிட்டர் டியூப் சோலார் ஹீட்டர் தாங்குமா?

ஊட்டியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைப்பதென்றால் சாதாரண பிளாட் பிளேட் (தட்டையான உலோகத் தகடு வெயிலில் சூடாகி நீரைச் சூடாக்கும் வகை) வேண்டாம். ஜனவரியில் வானம் தெளிந்த இரவில், காற்று 3 டிகிரியில் இருக்கும்போதே தகடு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவதால், உள்ளே ஓடும் மெல்லிய செம்புக் குழாய் பிளந்துவிடும். தலைகுந்தா, காந்தல் போன்ற உறைபனிப் பகுதிகளில் இது நடக்க வாய்ப்பு அதிகம்.

வரிசையாக அடுக்கிய கண்ணாடிக் குழாய்களில் நீர் சூடாகும் டியூப் மாடலில் இந்தப் பயம் மிகக் குறைவு. இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால் உள்ளே இருக்கும் சூடு எளிதில் வெளியேறாது. அதனால்தான் காலையில் வெளிக்கண்ணாடியில் பனி படிந்திருந்தாலும் உள்ளே நீர் சூடாக இருக்கும். அந்தப் பனி உருக நேரமாகிறதே என்று வெந்நீரை ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடக்கூடும். துணியால் துடைத்தால் போதும்.

ஆனால் டியூபைச் சுற்றி இருப்பதெல்லாம் உறையும். பழுது வருவதும் அங்கேதான். மாடியில் நேர்ப் பைப்புக்கு ஃபோம் சுற்றிவிட்டு எல்போவை (பைப் வளையும் இடத்து இணைப்பு) அப்படியே விடுவது பல இடங்களில் நடக்கிறது. முதலில் வெடிப்பது அந்த எல்போதான். வெளியே ஓடும் பைப் முழுக்க 19 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைட்ரைல் ஃபோம் (ரப்பர் போன்ற உறை) வேண்டும், அதன்மேல் அலுமினிய டேப் வேண்டும். டேப் இல்லாவிட்டால் வெயில் பட்டு ஃபோம் பொடிப்பொடியாக உதிரும். சாதா பி.வி.சி. பைப் வெந்நீரில் தளர்ந்துவிடும் என்பதால் சூடு தாங்கும் சி.பி.வி.சி. கேளுங்கள்.

டேங்கிலிருந்து காற்றும் ஆவியும் போய்வரும் குழாயான ஏர் வென்ட்டை இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஊட்டி இருக்கும் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் நீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். வீடு பூட்டிக் கிடக்கும் வெயில் நாட்களில் ஆவி போக வழி வேண்டும். வென்ட் பனியால் அடைத்த நிலையில் குழாயைத் திறந்தால் உள்ளே காற்று நுழைய முடியாமல் டேங்க் உள்வாங்கி நசுங்கும். வென்ட் நேராக, குட்டையாக, ஃபோம் சுற்றி, எங்கும் நீர் தேங்காதபடி இருக்க வேண்டும். வளைத்துக் கீழே தொங்கவிட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

200 லிட்டருக்கு வழக்கமாக 58 மில்லிமீட்டர் விட்டம், 1,800 மில்லிமீட்டர் நீளத்தில் 20 டியூப் வரும். ஒன்று உடைந்தாலும் டேங்க் முழுவதும் காலியாகும், ஆகவே குரங்கு வரும் குன்னூர்ப் பக்கம் கம்பி வலை அவசியம். காலி டியூப் வெயிலில் காய்ந்திருக்கும்போது குளிர்ந்த நீரை விட்டால் தெறித்துவிடும். அதிகாலையிலோ மாலையிலோ நிரப்புங்கள். டியூபின் அடியில் வெள்ளிபோல் மின்னும் பகுதி பால்வெள்ளையாக மாறினால் வெற்றிடம் போய்விட்டது, அந்த டியூபை மட்டும் மாற்றினால் போதும். தெற்கு நோக்கி 25 டிகிரி சாய்வு குளிர்காலத்துக்கு ஏற்றது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேகம் மூடும் நாட்களில் இதை மட்டும் நம்ப முடியாது. அப்போது டேங்குக்குள் இருக்கும் மின்சாரக் காயில்தான் துணை. அதைக் கொண்டு 200 லிட்டரை 30 டிகிரி உயர்த்த 7 யூனிட் மின்சாரம் ஆகும். 2 கிலோவாட் காயிலுக்கு மூன்றரை மணி நேரம். காயில் டேங்கின் மேல்பாதியில் பொருத்தப்பட்டிருந்தால் குளிக்கத் தேவையான அளவு மட்டும் சூடாகும், செலவும் ஏறக்குறைய பாதியாகும். வாங்கும்போது கடையில் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.