குழந்தைங்க கிளினிக்கை மூட ஒரு கருத்துக்கேட்பு – என் ரேட்டிங் 5க்கு 2

மிக்ஸிக்கும் பிரியாணி கடைக்கும் ரிவியூ எழுதுறோம், இதுக்கு ஏன் எழுதக்கூடாதுன்னு தோணுச்சு, அதான் எழுதுறேன். நாங்க இருக்கிறது இங்கிலாந்துல ஒரு சின்ன டவுன், பேர் வேண்டாம். இங்க குழந்தைங்களுக்குன்னே ஒரு வாக்-இன் கிளினிக் இருக்கு, நர்ஸுங்கதான் நடத்துறாங்க, அப்பாயின்ட்மென்ட் எல்லாம் கிடையாது, தூக்கிட்டு போனா பாப்பாங்க. அதை எடுத்துட்டு தூரத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியோட சேக்கப்போறாங்களாம், உங்க கருத்தை சொல்லுங்கன்னு பன்னெண்டு வாரம் டைம் குடுத்திருக்காங்க. நான் ரிவியூ பண்றது கிளினிக்கை இல்ல (அதுக்கு கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு), இந்த கருத்துக்கேட்பை.

முதல்ல புக்லெட். வழவழன்னு பேப்பர், அட்டையில பலூன் பிடிச்சுக்கிட்டு ஒரு குழந்தை. நாப்பது பக்கத்துல "மூடுறோம்"னு ஒரு வார்த்தை இருக்கான்னு தேடினேன், இல்ல. மாத்தி அமைக்கிறாங்களாம், ஒருங்கிணைக்கிறாங்களாம், "வீட்டுக்கு பக்கத்துலயே சிகிச்சை"யாம். அட, வீட்டுக்கு பக்கத்துல இருக்கிறதைத்தானய்யா எடுக்குறீங்க!

அடுத்து ஃபார்ம். ஆறாவது கேள்வி என்னன்னா, உங்க குழந்தைக்கு ஸ்பெஷலிஸ்ட் இருக்கிற இடத்துல பாதுகாப்பான, தரமான சிகிச்சை கிடைக்கணும்னு நினைக்கிறீங்களா? எந்த அம்மா வேண்டாம்னு டிக் அடிப்பா சொல்லுங்க. கல்யாண வீட்டுல "சாப்பாடு நல்லா இருக்கணுமா"ன்னு கேட்டு எல்லாரும் ஆமான்னு தலையாட்டினதும் "அப்ப பந்தி பக்கத்து ஊர்ல, கிளம்புங்க"ன்னு சொன்ன கதை. கிளினிக் இருக்கட்டுமா வேண்டாமான்னு நேரா ஒரு கேள்வி கூட இல்ல. கடைசியில "வேற ஏதாவது சொல்லணுமா"ன்னு ஒரு பெட்டி, அதுலதான் எல்லாத்தையும் கொட்டணும்.

லைப்ரரியில நேர்ல ஒரு கூட்டம் வெச்சாங்க, புதன்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு. வேலைக்கு போற யாரு வர முடியும், நான் லீவு போட்டுட்டு போனேன். பெரிய போர்டு, கலர் ஸ்டிக்கர் பொட்டு, உங்களுக்கு முக்கியமானது எதுவோ அதுல ஒட்டுங்கன்னாங்க, என் பொண்ணு ஆறு பொட்டை எடுத்து நெத்தியில வெச்சுக்கிட்டா, அதைவிட உருப்படியா அந்த பொட்டால ஒண்ணும் நடந்த மாதிரி தெரியல. புது இடம் கார்ல 22 நிமிஷம்தான்னு மேப் காட்டினாங்க. கார் பகல்ல வீட்டுக்காரர்கிட்ட. பஸ்ல போனா ரெண்டு பஸ் மாறணும், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுவும் வீல்சேர் இடத்துல ஏற்கனவே வேற ஒரு குழந்தை தள்ளுவண்டி நின்னுச்சுன்னா அடுத்த பஸ்ஸுக்குதான்.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா போன குளிர்காலத்துல ஒரு சனிக்கிழமை, பாப்பாவுக்கு வீசிங், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவுல குழி விழுது, நம்ம ஜிபி (குடும்ப டாக்டர்) அன்னிக்கு லீவு. தூக்கிக்கிட்டு நடந்தே போனோம், ஏழு நிமிஷம். அங்க இருந்த நர்ஸ் இன்ஹேலரோட மாட்டுற ஸ்பேசர் மாஸ்க்கை முதல்ல பாப்பாவோட பொம்மை மூஞ்சியில வெச்சு அதுக்கு "மருந்து" குடுத்துட்டு அப்புறம் இவளுக்கு வெச்சு, பத்து பஃப், ஒவ்வொண்ணுக்கும் இவளையே எண்ண வெச்சாங்க. இப்பவும் வீட்டுல இன்ஹேலரை எடுத்தா முதல்ல பொம்மைக்குதான். இந்த கதையை டிக் அடிக்க ஃபார்ம்ல எங்க இடம்?

பக்கத்துல ஒரு யாழ்ப்பாணத்து அக்கா உக்காந்திருந்தாங்க, பேரனுக்காக வந்தவங்க. மெல்ல சொன்னாங்க, "பிள்ளை, உவை முடிவை எடுத்துப்போட்டுத்தான் எங்களட்டக் கேக்கினம். எண்டாலும் எழுதாமல் விட்டுடாத." அதுதான் என் கேள்வியும், எழுதி என்ன ஆகப்போகுது? வீட்டுக்கு வந்து ராத்திரி உக்காந்து தேடிப் படிச்சேன்.

எழுதினா ஆகுதுங்க. இங்கிலாந்துல குழந்தைங்க இதய ஆபரேஷன் செய்ற ஆஸ்பத்திரிகளை குறைக்கணும்னு 2011 மார்ச்சுல இருந்து ஜூலை வரைக்கும் ஒரு பெரிய கருத்துக்கேட்பு நடந்திருக்கு, 75,000 பேருக்கு மேல பதில் எழுதியிருக்காங்க. 2012 ஜூலையில லீட்ஸ், லெஸ்டர் க்ளென்ஃபீல்ட், லண்டன் ராயல் பிராம்ப்டன், இந்த மூணுலயும் ஆபரேஷனை நிறுத்தணும்னு முடிவு. லீட்ஸ்காரங்க கோர்ட்டுக்கு போனாங்க. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் நிபுணர் குழு மார்க் போட்டிருக்கு, ஆனா டோட்டல்தான் வெளியில வந்துச்சு, எதுல எவ்வளவுன்னு காட்டல. பிளஸ் டூ மார்க் ஷீட்ல டோட்டலை மட்டும் போட்டு பையன் ஃபெயில்னா விடுவோமா? முடிவு எடுத்த கமிட்டியே அந்த பிரிச்சுப் போட்ட மார்க்கை வாங்கிப் பாக்கல. 2013 மார்ச்சுல ஹைகோர்ட் நீதிபதி நிகோலா டேவிஸ் இந்த கருத்துக்கேட்பு நியாயமா நடக்கலன்னு சொல்லிட்டாங்க, முடிவு ரத்து. அதே ஜூன்ல அப்போதைய சுகாதார மந்திரி ஜெரமி ஹன்ட் மொத்த திட்டத்தையும் நிறுத்தி வெச்சார். லெஸ்டருக்கு 2016ல மறுபடியும் கத்தி வந்துச்சு, 2017ல மறுபடியும் கருத்துக்கேட்பு, அந்த நவம்பர்ல நிபந்தனையோட தப்பிச்சுது. இப்ப ஆபரேஷன் அதே ஊர்ல லெஸ்டர் ராயல் இன்ஃபர்மரி ஆஸ்பத்திரியில நடக்குது, 2021ல அங்க மாத்திட்டாங்க.

அதுக்காக மூடணும்னு சொல்ற எல்லாரும் வில்லன்னு நான் சொல்லமாட்டேன். கஷ்டமான ஆபரேஷனை சில பெரிய இடத்துல மட்டும் செய்யணும்னு சொல்ல காரணம் இருக்கு. பிரிஸ்டல் ஊர் ஆஸ்பத்திரியில 1991-95ல திறந்த இதய ஆபரேஷன் ஆன ஒரு வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்க, எதிர்பாக்குறதைவிட 30-லிருந்து 35 பேர் அதிகமா இறந்திருக்காங்கன்னு 2001 விசாரணை அறிக்கை சொல்லுது. அதைப் படிச்சப்ப வயித்தைப் பிசைஞ்சுது. இதய ஆபரேஷனுக்குன்னா நானே பாப்பாவை தூக்கிக்கிட்டு நூறு மைல் போவேன். ஆனா வீசிங்குக்கும் காது வலிக்கும் நூறு மைல் நியாயம் பேசினா எப்படி?

கோர்ட்டுகள் பாக்குறது நாலு விஷயமாம், 1985ல ஒரு கேஸ்ல வந்தது, கன்னிங் விதிகள்னு பேர். முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடியே கேக்கணும், பதில் சொல்ற அளவுக்கு விவரம் குடுக்கணும், போதுமான டைம் குடுக்கணும், வந்த பதிலை மனசாட்சியோட பாக்கணும். எங்க ஊர்ல டைம் ஓகே. விவரம்தான் இல்ல, வருஷத்துக்கு எத்தனை குழந்தைங்க இந்த கிளினிக்குக்கு வர்றாங்கன்னு புக்லெட்ல காணோம். கூட்டத்துல கேட்டேன், மெயில் பண்றோம்னாங்க, மூணு வாரம் ஆச்சு, ஸ்பேம்லயும் பாத்துட்டேன்.

அப்ப ரெண்டு ஸ்டார் எதுக்குன்னா, ஒண்ணு, கேட்டதும் அந்த அக்காவுக்கு போன்ல தமிழ் மொழிபெயர்ப்பாளரை புடிச்சு குடுத்தாங்க, அது உண்மையிலேயே நல்லா இருந்துச்சு. இன்னொண்ணு, மூலையில உக்காந்து நோட்ஸ் எடுத்த ஒரு சின்ன பொண்ணு, நான் சொன்ன பஸ் கதையை எழுதிட்டு "சரியா எழுதியிருக்கேனா பாருங்க"ன்னு திருப்பிக் காட்டுச்சு.

ஆன்லைன்ல அந்த கடைசி பெட்டி 1,500 எழுத்தோட நின்னுடுது, நம்ம ஊர் பேருந்து சீட்டு அளவு. அதனால பேப்பர் ஃபார்ம் வாங்கிக்கோங்க, லைப்ரரி கவுண்டர்ல இருக்கு. நான் தனியா நாலு பக்கம் எழுதி ஸ்டேப்ளர் அடிச்சு அதோட வெச்சு அனுப்பிட்டேன். ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாம்.