கிணற்றுத் தண்ணீர் தின்ற மூன்று தகடுகள்: காளான் அறைப் புகைப்பெட்டியுடன் 14 மாதங்கள்

காளான் அறையை ஈரமாக வைக்கத் தண்ணீரைப் புகைபோல் பரப்பும் பெட்டியின் மூன்றாவது தகட்டையும் நேற்றுக் கழற்றி எறிந்தேன். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் ஒட்டுசுட்டானிலிருந்து சின்னம்மாவின் மகன் அழைத்தான். "அண்ணா, உங்கள் காளான் அறையில் இருக்கிற புகைப்பெட்டிக்கு விலை குறைந்திருக்கிறதாம். வாங்கட்டுமா?" என்று கேட்டான். "வாங்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் கேட்ட மரியாதைக்கு அது பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, அதில் முந்நூறு சிப்பிக்காளான் பொதிகள். மொட்டு விடும் நேரத்தில் ஈரப்பதன் 85 வீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். மாரியில் அந்தக் கவலையே இல்லை, சுவரே வியர்க்கும். தென்மேற்கிலிருந்து சோளகம் பிடித்தால்தான் சோதனை. காய்ந்த தரவை வெளிகளுக்கு மேலாக மத்தியானத்தில் வருகிற அந்தக் காற்று, நனைத்துத் தொங்கவிட்ட சாக்கை ஒரு மணி நேரத்தில் அப்பளமாக்கிவிடும். பெட்டி வருவதற்கு முந்தைய இரண்டு ஆடிகளிலும் மொட்டுகள் ஊசித்தலை அளவிலேயே கருகிப் போயின. அம்மா ஒரு நாளைக்கு நான்கு தடவை கைத்தெளிப்பானோடு உள்ளே போய் வருவார்.

போன வருடம் ஆனியில் பெட்டி வந்தது. 85இல் ஓடவும் 90இல் நிற்கவும் அமைத்தேன். அந்த ஆடியில் பறித்த காளானில் ஒன்றின் விளிம்புகூட வெடிக்கவில்லை. இதை மறைத்தால் நான் பொய்யன்.

ஆனால் அந்தத் தகடு இருக்கிறதே! பெட்டியின் அடியில் பெரிய நாணயம் அளவில் ஒரு வட்டம். விநாடிக்குச் சுமார் 17 இலட்சம் தடவை அதிர்ந்து தண்ணீரைப் பொடித்துளிகளாக எறிகிறது. கிணற்றுத் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கினால் அதிலுள்ள சுண்ணாம்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும். இதுவோ தண்ணீரில் கரைந்திருப்பதையும் சேர்த்தே எறியும். துளி காற்றில் காய்ந்ததும் மிச்சம் வெள்ளைத் தூளாகிப் பொதியிலும் மின்குமிழிலும் காளான் குடையிலும் படிகிறது. "மா தூவியா விற்கிறீர்கள்?" என்று சந்தையில் ஒரு பெண் கேட்டார். எறியப்படாத சுண்ணாம்பு தகட்டின் மேலேயே ஒட்டி இறுகுகிறது, வெற்றிலைக்குத் தடவி உலர்ந்ததுபோல.

முதல் தகட்டை நானே கொன்றேன், கத்தியால் சுரண்டினேன். இரண்டாவதற்குத் தேசிக்காய்ப் புளி விட்டேன். சிறு குமிழ்கள் நுரைத்து வர, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் தண்ணீர் தீர்ந்தால் பெட்டியை நிறுத்தவேண்டிய மிதவையை அதே சுண்ணாம்பு இறுக்கிப் பிடித்ததில், ஒரு நாள் தண்ணீர் இல்லாமலே ஓடிக் கருகியது. தண்ணீரால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்றது விற்ற கடை. தண்ணீர் ஊற்றுவதற்கென்றே செய்த பெட்டிக்கு!

போன மாரியில் கூரைக்குப் பீலி போட்டு 500 லீற்றர் தாங்கியில் மழைநீர் பிடித்தேன். வைகாசி நடுவிலிருந்து அதைத்தான் ஊற்றினேன். தூள் இல்லை, படிவு இல்லை. பெட்டி நாளொன்றுக்கு 8 லீற்றர் குடிப்பதால் ஆடி நடுவில் தாங்கி வற்றியது. மறுபடி கிணறு, மறுபடி வெள்ளை, நேற்றுத் தகடு.

இன்னொன்று: பெட்டி காட்டும் ஈரப்பதன் எண்ணை நம்பவேண்டாம். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் சேறாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, ஈரப்பதன் அளக்கும் உணரியோடு காற்றுப்புகாத டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். தூள் படிந்த என் உணரி 83 காட்டியது. அதாவது 90 என்று பெட்டி நின்றபோது அறையில் இருந்தது ஏறக்குறைய 82தான். நான் பொதியைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.

கதவை இறுக்கி மூடச் சொல்லும் கையேட்டையும் தூக்கிப் போடுங்கள். காற்று மாறாவிட்டால் காம்பு நீண்டு குடை சிறுக்கும்.

தம்பிக்கு: வாங்காதே என்றுதான் இன்றும் சொல்வேன். வாங்கித்தான் தீருவேன் என்றால் முதலில் வீட்டுக் கேத்திலின் அடியைப் பார். வெள்ளை படிந்திருந்தால் பெட்டிக்கு முன்னர் பீலியும் தாங்கியும் வாங்கு, 500 போதாது, ஆயிரமாக வாங்கு.

நான்காவது தகடு வெள்ளிக்கிழமை வவுனியா பஸ்ஸில் வருகிறது. அதுவரை அம்மா கைத்தெளிப்பானோடு உள்ளே போய் வருகிறார். என்னோடு பேசுவதில்லை.