ஹிட்ச் எதை வாங்குவது: இழுக்கும் எடையா, மூக்கு எடையா?

ஹிட்ச் என்பது ட்ரெய்லரை இழுக்க வண்டியின் பின்னால் பொருத்தும் இணைப்பு. அதன் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஒரு எண் இருக்கும்: 1,500 கிலோ, 3,500 கிலோ என்று. அது இழுக்கும் எடை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு எண் இருக்கும், பெரும்பாலும் முதல் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. அதுதான் மூக்கு எடை, அதாவது ட்ரெய்லரின் முன்முனை, நம் வண்டியின் ஹிட்ச்சில் இருக்கும் பந்து (ட்ரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டை) மேல் எவ்வளவு பாரமாக உட்காரலாம் என்ற வரம்பு. எல்லோரும் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள். நான் பொடி எண்ணைப் பார்த்துத்தான் வாங்குவேன்.

(பந்து என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். ‘பால்’ என்று எழுதினால் எனக்குக் காலையில் வரும் பால்காரர்தான் நினைவுக்கு வருகிறார்.)

ஏன் அந்த எண் முக்கியம்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.6 மீட்டர். பந்து, பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் நீட்டிக்கொண்டு இருக்கிறது. பந்தின் மேல் 100 கிலோ வைத்தால் பின் அச்சில் 100 கிலோ கூடாது, 146 கிலோ கூடும். அந்த மிச்ச 46 கிலோ முன் அச்சிலிருந்து கழிந்தது. சிறுவர்கள் ஆடும் சீசா பலகை மாதிரிதான். ஸ்டியரிங் லேசாகிவிடும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இதற்குப் பயந்து மூக்கு எடையை ரொம்பக் குறைத்தால் வேறு வம்பு: வேகம் கூடக்கூட ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அமெரிக்க வழக்கில் ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும் என்பார்கள். ஐரோப்பிய வழக்கில் அதைவிடக் குறைவாகத்தான் வைக்கிறார்கள். அங்கே பல சிறு கார்களுக்கு அனுமதியே 75, 100 கிலோ அளவில்தான். உங்கள் வண்டிக் கையேடு எந்த வழக்கில் எழுதப்பட்டதோ அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

அளப்பது சுலபம். உடல் எடை பார்க்கும் மெஷின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, சரக்கு ஏற்றிய ட்ரெய்லரின் மூக்கை அதன்மேல் இறக்கினால் போதும். மூக்கு, பந்து இருக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும். சக்கரங்களுக்கு அணை கொடுக்க மறக்காதீர்கள். மெஷின் தாங்காத எடை என்றால் ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையை மெஷின் மேலும் வைத்து, செங்கல் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மூக்கை இறக்குங்கள். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்க வேண்டும்.

ஒன்றேகால் இன்ச்சா, இரண்டு இன்ச்சா

வண்டிக்கடியில் சதுரக் குழாய் வைத்து, அதற்குள் பந்து தாங்கியையோ (பந்து பொருத்திய கம்பி) சைக்கிள் ஸ்டாண்டையோ செருகும் ரிசீவர் வகையில் முதல் போட்டி இதுதான். ஒன்றேகால் இன்ச் குழாய், கிளாஸ் 1, கிளாஸ் 2 ஹிட்ச்களில் வரும் (கிளாஸ் என்பது தாங்கும் எடையின்படி பிரித்த வகை). கிளாஸ் 1-க்கு 2,000 பவுண்டு இழுவை, 200 பவுண்டு மூக்கு. கிலோவில் சுமார் 907, 91. கிளாஸ் 2-க்கு 3,500 பவுண்டு, 350 பவுண்டு. இரண்டு இன்ச் குழாய் கிளாஸ் 3-இல் தொடங்குகிறது. தயாரிப்பைப் பொறுத்து 8,000 பவுண்டு வரை எழுதியிருப்பார்கள்.

சிறு காருக்கு ஒன்றேகால் போதும் என்று விற்பவர் சொல்வார். இழுப்பதைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் ஹிட்ச் வாங்குபவர்களில் நிறையப் பேர் ட்ரெய்லரே இழுப்பதில்லை, சைக்கிள் தூக்கி மாட்டத்தான் வாங்குகிறார்கள். நான்கு சைக்கிள் தாங்கும் தட்டு வகை ஸ்டாண்டுகள் பெரும்பாலும் இரண்டு இன்ச்சுக்குத்தான் வருகின்றன. உங்கள் கார் மாடலுக்கு இரண்டு இன்ச் ரிசீவர் கிடைத்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். கார் தாங்கும் எடை அதனால் கூடிவிடாது, மாட்டுகிற பொருளுக்குத் தேர்வு கூடும், அவ்வளவுதான்.

ஒன்றேகாலை இரண்டாக்கும் அடாப்டர் இதற்கு மாற்றாகுமா? ஆகாது. ரிசீவரின் வரம்பு அப்படியேதான் இருக்கும். போதாததற்குப் பாரம் இன்னும் பின்னால் தள்ளிப் போகிறது. மேலே போட்ட கணக்கில் அந்த 1.2 மீட்டரை 1.4 ஆக்கிப் பாருங்கள், புரியும். நீட்டிப்புக் குழாய்களும் இதே கதைதான். போட்டால் தாங்கும் எடை பாதியாகிவிடும் என்று பல தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

நிலையானதா, கழற்றக்கூடியதா

ஐரோப்பிய வகையில் பந்து, அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்த கம்பியின் நுனியில் இருக்கும். அதில் மூன்று தினுசு உண்டு. நிலையானது விலை குறைவு, பழுதாக அதில் எதுவும் இல்லை. ஆனால் பார்க்கிங் சென்சார் அதைப் பார்த்துக் கத்தலாம், வண்டிக்குப் பின்னால் நடப்பவர் முழங்கால் எலும்பும் கத்தும். கழற்றக்கூடியது வருடத்துக்கு நான்கைந்து முறை மட்டும் இழுப்பவருக்குப் பொருத்தம். கழற்றியதும் பொந்துக்கு மூடி போடாவிட்டால் சேறு போய் அடைத்துக்கொள்ளும். பூட்டு முழுசாக விழுந்ததா என்பதைப் பச்சைக் குறி பார்த்துத்தான் நம்ப வேண்டும். பம்பருக்கடியில் மடங்கும் வகை சொகுசு, விலையும் அப்படித்தான். வாராவாரம் இழுப்பவருக்கு என் ஓட்டு நிலையானதற்கே.

பிக்கப் வண்டியின் தொட்டிக்குள் பொருத்தும் ‘ஐந்தாம் சக்கரம்’, ‘கூஸ்நெக்’ என்ற ஹிட்ச் வகைகள் வேறு உலகம். பாரம் பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் உட்காருவதால் வாலாட்டம் குறைவு. கார் வைத்திருப்பவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பந்து: இங்கே பேரம் கிடையாது

1 7/8 இன்ச், 2 இன்ச், 2 5/16 இன்ச் ஆகியவை அமெரிக்க அளவுகள். ஐரோப்பிய அளவு 50 மில்லிமீட்டர். 2 இன்ச் என்பது 50.8 மில்லிமீட்டர். இந்த 0.8 மில்லிமீட்டரை ‘ஒண்ணுதான்’ என்று சொல்பவரை நம்பாதீர்கள். 50 மில்லிமீட்டர் பந்தில் 2 இன்ச் கப்ளர் (ட்ரெய்லரின் மூக்கில் பந்தைக் கவ்வும் பாகம்) உட்காரும், ஆனால் தளர்வாக. குலுங்கும்போது கழன்று வரலாம்.

எனக்கு நடந்தது இதைவிடப் பெரிய வித்தியாசம். இரவல் வாங்கிய ட்ரெய்லரின் கப்ளரில் 2 என்று குத்தியிருந்தது, என் வண்டியில் 1 7/8 பந்து. மாட்டினேன், மாட்டியது. கைப்பிடி ‘டக்’கென்று பூட்டியது, அதற்கான பூட்டு ஊசியையும் செருகினேன். வழக்கமாகச் செய்கிற ஒன்றை அன்றும் செய்தேன்: பூட்டியபின் மூக்குச் சக்கர ஜாக்கைச் சுற்றி மேலே ஏற்றினேன். ஒழுங்காகப் பிடித்திருந்தால் கூடவே காரின் பின்புறமும் எழ வேண்டும். கார் அசையவில்லை. கப்ளர் மட்டும் பந்தை விட்டு வழுக்கி மேலே வந்தது.

பந்தின் தலையில் அதன் அளவும் தாங்கும் எடையும் பொறித்திருக்கும். ஹிட்ச், பந்து தாங்கி, பந்து, கப்ளர், வண்டி ஆகிய ஐந்தில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

பந்து தாங்கியில் நிலையானதும் உயரம் மாற்றக்கூடியதும் உண்டு. ஒரே ட்ரெய்லர் என்றால் அளந்து, தேவையான இறக்கத்தில் ஒரு நிலையான துண்டு வாங்குங்கள். ட்ரெய்லர் சமமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மூன்று ட்ரெய்லர் மாற்றி மாட்டுபவருக்குத்தான் மாற்றும் வகை பிரயோசனம். அது கனமும் கூட.

ஸ்ப்ரிங் கம்பியா, உராய்வுக் கப்ளரா

வாலாட்டத்துக்கு மருந்து என்று இரண்டையும் விற்கிறார்கள். இரண்டும் வேறு வேறு நோய்க்கானவை. எடைப் பகிர்வு ஹிட்ச், ஸ்ப்ரிங் கம்பிகளை முறுக்கி, முன் அச்சிலிருந்து கழிந்த பாரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. வண்டியின் பின்புறம் தொங்கினால் இதுதான் வேண்டும். ஆனால் சில கார் நிறுவனங்கள் தங்கள் மாடலில் இதை மாட்டக்கூடாது என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும், பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உராய்வுக் கப்ளரின் வேலை, பந்தை இரு பக்கமும் பட்டை வைத்து அழுத்தி ஆட்டத்தைத் தணிப்பது. ஐரோப்பிய கேரவன்களில் சகஜம். இதற்குப் பந்து துளி கிரீஸும் பெயின்ட்டும் இல்லாமல் இருக்க வேண்டும். சாதாரணக் கப்ளருக்கு கிரீஸ் தடவிப் பழகிய கை இதற்கும் தடவிவிடும், பட்டை போச்சு. சரக்கை முன்பாதியில் கூடுதலாக வைக்காமல் இந்த இரண்டில் எதை வாங்கினாலும் காசுதான் வீண்.

சில்லறைச் சாமான்கள்

ட்ரெய்லர் விளக்குகளுக்கு, காரின் வயர்களை வெட்டி ஒட்டுவதும் உண்டு, அந்த மாடலுக்கென வரும் ஹார்னஸ் (தயாராகக் கோத்த வயர் தொகுப்பு) மாட்டுவதும் உண்டு. புதுக் கார் என்றால் இரண்டாவதுதான். பல கார்களில் அது ட்ரெய்லர் மாட்டியிருப்பதைக் காருக்குச் சொல்லி, ரிவர்ஸ் சென்சாரையும் அணைத்துவிடும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லேம்ப் மினுக்குகிறதா? முதலில் எர்த் வயரைப் பாருங்கள்.

ரிசீவருக்குச் சாதாரண பின்னும் கிளிப்புமா, பூட்டு வைத்த பின்னா? தெருவில் நிறுத்துபவருக்குப் பூட்டு. ஆனால் அளவு மாறும்: ஒன்றேகால் குழாய்க்கு அரை இன்ச் பின், இரண்டு இன்ச்சுக்கு 5/8. அரை இன்ச் பின்னைப் பெரிய துளையில் போட்டு ஓட்டினால் துளை முட்டை வடிவமாகிவிடும். லொடலொடச் சத்தத்துக்கு, குழாயை ரிசீவரோடு சேர்த்து இறுக்கும் யு-போல்ட் நன்றாகவே வேலை செய்கிறது.

பாதுகாப்புச் சங்கிலி ஒரு ஜோடி, கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டியது. மூக்கு விழுந்தால் தரையில் படாமல் அதில் விழும். இதில் மலிவு பார்க்காதீர்கள். பந்துக்கு விலை கொடுத்து மூடி வாங்க வேண்டாம். பழைய டென்னிஸ் பந்து ஒன்றைப் பாதி வரை கீறி மாட்டினால் கச்சிதமாக உட்காரும்.