இரும்பு அடுப்பும் ஈர விறகும்: ஆறு ஆண்டு அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்திற்கு அருகே எங்கள் வீட்டு அடுக்களையில், புகைக்குழாய் வைத்த இரட்டைக்கண் இரும்பு அடுப்பைப் பொருத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வாரம் அதன் புகைக்குழாயை இரண்டாவது முறையாக மாற்றினேன். அதே நாளில் மார்த்தாண்டத்து நண்பர் ஒருவர், தாமும் இப்படியோர் அடுப்பு வாங்கலாமா என்று கேட்டார்.

அடுப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுக்களைச் சுவரில் கரி படியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டே ஊதுகுழலை ஊதிய அம்மாவின் காலம் முடிந்தது. நான் எதிர்பாராத நன்மை வேறொன்று. ஆனி, ஆடி மாதங்களில் மழை விடாமல் பெய்து வீடெங்கும் கூதல் அடிக்கும்போது, சமையல் முடிந்த பின்னும் அந்த இரும்பு நெடுநேரம் சூடு விடுகிறது. பக்கவாட்டுத் தொட்டியில் குளிக்க வெந்நீர் இருக்கிறது. பின்னறைக் கொடியில் போட்ட துணி பூஞ்சை வாடையின்றிக் காய்கிறது. இந்த ஊர் மழையில் இதன் அருமை பெரிது.

என்னை ஆறு ஆண்டுகளாகப் பொறுமை இழக்கச் செய்வது விறகுதான். இங்கே எளிதில் கிடைப்பது ரப்பர் விறகு. பால் வற்றிய மரங்களை வெட்டும்போது தடி ஆலைக்குப் போகும், கிளைகள் விறகாகும். ‘நன்றாகக் காய்ந்தது’ என்று சொல்லித்தான் தருவார்கள். பிளந்து பார்த்தால் உள்ளே குளிர்ந்து கிடக்கும். ஐப்பசியில் வாங்கிய ஒரு துண்டை நிறுத்தேன்: 1,850 கிராம். அதையே பிளந்து, சாய்ப்பின் கீழ் அடுக்கி வைத்து மாசியில் நிறுத்தபோது 1,100 கிராம். எடைக்கு விற்கும் பொருளில் பத்துக்கு நான்கு பங்கு தண்ணீருக்கு விலை கொடுத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

பணத்தோடு போனாலும் பொறுத்துக்கொள்ளலாம். கொதிநிலையை அடைந்த ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 540 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதை நெருப்பிலிருந்தே எடுப்பதால் தீ குளிர்ந்துவிடுகிறது. எரியாத புகை குழாயில் ஏறுகிறது. சுவருக்கு வெளியே மழையில் நனையும் பகுதியை அடைந்ததும் ஆவி நீராகி, புகையோடு சேர்ந்து கரும்பிசினாக ஒட்டிக்கொள்கிறது. அதிலுள்ள அமிலம் தகட்டை உள்ளிருந்தே அரித்துவிட்டது. இணைப்புகளில் பழுப்பு நீர் ஒழுகிச் சுவரைக் கெடுத்த பிறகே எனக்குக் காரணம் புரிந்தது. விற்றவர் குழாயைத் துடைக்கச் சொன்னாரே தவிர, விறகைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

இரண்டு பருவமழையும் பெய்யும் எங்கள் மாவட்டத்து மேற்குப் பகுதியில் விறகு காய்வதற்குத் தையிலிருந்து பங்குனி வரை கிடைக்கும் வெயிலைத்தான் நம்ப வேண்டும். ஆரல்வாய்மொழியில் இருக்கும் என் தங்கைக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே மழையும் குறைவு, கணவாய்க் காற்றும் ஓயாது. நாங்கள் இப்போது துண்டுகளை ஒரு முழத்திற்கும் குறைவாக அறுத்துப் பிளக்கிறோம். வெட்டு முனைகள் வழியாகவே ஈரம் விரைந்து வெளியேறுகிறது. தரையில் படாமல் கட்டைமேல் அடுக்கி, மேலே மட்டும் மூடுகிறோம். முழுவதும் தார்ப்பாய் போர்த்திய ஆண்டில் எல்லாம் பூஞ்சை பிடித்து, வண்டு துளைத்து மாவாக உதிர்ந்தது. நல்ல புளிவிறகு கிடைத்தால் கனல் நெடுநேரம் நிற்கும், கிடைப்பதுதான் அரிது. பற்றவைக்கச் சிரட்டையும், காய்ந்த தென்னம்பாளை மடலான கொதும்பும் போதும்.

இவ்வளவு நன்மை சொன்ன பிறகும், நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் வீட்டில் விறகுப்புரை இல்லை, அதற்கு இடமும் இல்லை. புதுக் குழாய்க்குப் பணம் கொடுத்த கையோடு வேறு பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் புரையில் தையில் அடுக்கிய விறகு இன்னும் பாதி இருக்கிறது. அது தீரும்வரை இந்த அடுப்பை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.