ஹாஃப்-லைஃப் 2-ஆ, டைட்டன்ஃபால் 2-ஆ?

அரையாண்டு லீவில் இந்த இரண்டு கம்ப்யூட்டர் கேம்களில் எதை ஆடி முடிப்பது என்று பென்னாகரத்து மாமா பையன் கேட்டான். அவனிடம் இருப்பது பழைய கம்ப்யூட்டர், யுபிஎஸ் கிடையாது.

மெஷின்: ஹாஃப்-லைஃப் 2 (2004) தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே ஓடும். டைட்டன்ஃபால் 2 (2016) 8 ஜிபி ராம், 2 ஜிபி கார்டு, டிஸ்கில் 45 ஜிபி இடம் கேட்கும்.

நீளம்: முன்னது பதிமூன்று மணி நேரம் இழுக்கும். பின்னது ஆறு மணி நேரம், ஒரு ஞாயிறு போதும்.

சேவ்: நம்ம பக்கம் இதுதான் தலையாய விஷயம். ஹாஃப்-லைஃபில் எஃப்6 தட்டினால் நின்ற இடத்திலேயே சேவ். டைட்டன்ஃபாலில் செக்பாயின்ட் மட்டும், அதாவது கேமே குறித்து வைத்த இடங்களில்தான் சேவ் ஆகும். கரண்ட் போனால் சுவரில் ஓடி ஜெயித்த சண்டையை மறுபடி போட வேண்டும். ஒரே ராத்திரியில் மூன்று தடவை பட்டிருக்கிறேன்.

முன்கதை: டைட்டன்ஃபால் முதல் பாகம் ஆன்லைன் சண்டை மட்டுமே, எனவே நேராக இரண்டுக்கு வரலாம். ஹாஃப்-லைஃபுக்கு 1998-இல் வந்த முதல் பாகத்தின் கதை தெரிந்தால் நல்லது.

ருசி: ஹாஃப்-லைஃபில், பொருட்களை இழுத்து வீசும் கிராவிட்டி கன்னால் ரம்பத் தகட்டை எறியும் ரேவன்ஹோம் அத்தியாயம் ஒன்றே காசுக்குத் தகும். படகு அத்தியாயம்தான் நீளம். ஒகேனக்கல் பரிசலே சீக்கிரம் கரை சேரும். டைட்டன்ஃபாலில் பிடி என்ற ரோபோவின் நட்பும், காலத்தை முன்பின் மாற்றும் அந்த லெவலும் மறக்காது.

மாமா பையனுக்கு ஹாஃப்-லைஃப்தான். நல்ல கார்டும் இன்வெர்ட்டரும் உள்ள கிருஷ்ணகிரி நண்பனுக்கு டைட்டன்ஃபால் சொன்னேன்.